வௌவால் மரபணு ஆய்வு: சிறகுத் துணுக்கிலிருந்து பாதுகாப்பு முடிவு வரை, முழுமையான வழிகாட்டி

பாலூட்டிச் சிற்றினங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். 1,400க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. எலும்பு மெலிதாக இருப்பதால் இவற்றின் புதைபடிவங்கள் அரிது. இரவில் பறப்பதால் நேரில் பார்த்து எண்ணுவதும் கடினம். எனவே வௌவாலின் வரலாற்றையும் புலன்களையும் இன்றைய நிலையையும் அறிய மரபணுவைப் போல உதவும் கருவி வேறில்லை.

வௌவால்களைப் பெரியவை, சிறியவை என்று இரண்டாகப் பிரிப்பதே நெடுங்கால வழக்கம். பெரிய கண்ணுள்ள பழந்தின்னிகள் ஒரு பக்கம், எதிரொலியைக் கேட்டு வழிகாணும் மற்றவை இன்னொரு பக்கம். 1986இல் ஜாக் பெட்டிக்ரூ, பழந்தின்னியின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புப் பாதை குரங்கினங்களுடையதைப் போலிருப்பதைக் காட்டி, இரண்டு பக்கமும் தனித்தனியே பறக்கக் கற்றவையாக இருக்கலாம் என்றார். டிஎன்ஏ இரண்டையுமே மாற்றிப் போட்டது. வௌவால்கள் எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதும், எதிரொலி எழுப்பும் குதிரைலாட வௌவால்கள் பழந்தின்னிகளுக்கே நெருங்கிய உறவு என்பதும் 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உறுதியாயின. இன்று அந்த அணிக்கு யின்டெரோகைராப்டெரா என்றும் மற்ற அணிக்கு யாங்கோகைராப்டெரா என்றும் பெயர்.

இந்த மாற்றம் பல மரபணுக்களைச் சேர்த்து வாசித்ததால் வந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மரபணுத்தொகுதிக்குப் பொருந்தாது. ஒரே விலங்கின் இரண்டு மரபணுக்கள் இரண்டு வேறு வரலாறுகளைச் சொல்லும், இரண்டுமே உண்மையாக இருக்கும். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்தச் சிக்கலில் விழாமல் இருப்பதற்கானவை.

படி 1: கேள்வியை எழுதிவிட்டு மாதிரியைத் தீர்மானியுங்கள்

வலையைக் கட்டும் முன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எந்தத் திசு, எத்தனை விலங்கு, எப்படிப் பாதுகாப்பது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

இது எந்தச் சிற்றினம் என்று மட்டும் அறிய எச்சம் போதும். உறவு மரம் வரைய ஒவ்வொரு சிற்றினத்திலும் குறைந்தது இரண்டு விலங்குகளின் சிறகுத் துணுக்கு வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால், பெயர்ச்சீட்டு மாறிப்போனதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஒரு தங்குமிடத்துக் கூட்டம் இன்னொன்றோடு கலக்கிறதா என்று கேட்டால், இடத்துக்கு 20 முதல் 30 விலங்குகள் தேவை. முழு மரபணுத்தொகுதியை அடியிலிருந்து கட்டுவதாக இருந்தால் நீண்ட, உடையாத டிஎன்ஏ வேண்டும். எத்தனாலில் ஊறிய துணுக்கு அதற்கு ஏற்றதல்ல. எடுத்த சில நிமிடங்களில் திரவ நைட்ரஜனில் உறையவைத்த திசுவே நம்பகமானது.

புலன்களைப் பற்றிய கேள்வியில் ஒரு முடிவை முதலிலேயே எடுக்க வேண்டும். மரபணு உடைந்திருக்கிறதா என்பதைச் சிறகுத் துணுக்கே சொல்லிவிடும். அது கண்ணில் அல்லது உட்செவியில் வேலை செய்கிறதா என்பதற்கு அந்த உறுப்பின் ஆர்என்ஏ வேண்டும். விலங்கின் உயிரை எடுக்காமல் அது கிடைக்காது. இதற்காக வௌவாலைக் கொல்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வேறு அனுமதி பெற்ற ஆய்வுகளிலோ மீட்பு மையங்களிலோ பிழைக்க வழியின்றிக் கருணைக்கொலை செய்யப்படும் விலங்குகளின் திசுவைப் பங்கிட்டுக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஆர்என்ஏ நிமிடக் கணக்கில் சிதையும். குழாயும் உறைபொருளும் அங்கே முன்பே தயாராக இருக்க வேண்டும்.

படி 2: அனுமதியும் பாதுகாப்பும்

பிடிக்க, திசு எடுக்க, மாதிரியை எல்லை தாண்டி அனுப்ப என மூன்றுக்கும் தனித்தனி அனுமதி தேவைப்படலாம். பழந்தின்னிகளில் டெரோபஸ், அசெரோடான் ஆகிய இரண்டு பேரினங்களும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. அவற்றின் சிறகுத் துணுக்கும் அந்த விதிக்கு உட்பட்டதே. 2014 முதல் நடைமுறையிலுள்ள நகோயா ஒப்பந்தத்தின்படி, மரபணு வளம் எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாட்டோடு பயன்பகிர்வு உடன்பாடும் தேவைப்படும். இந்தக் காகிதங்கள் இல்லாமல் எடுத்த மாதிரியைப் பின்னால் சரிக்கட்ட முடியாது.

வௌவாலைத் தொடும் ஒவ்வொருவரும் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடிபடாத கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். முகக்கவசம் உங்களைக் காப்பதற்கு மட்டும் அல்ல, மனிதரின் சுவாசக் கிருமி வௌவாலுக்குப் போகாமலும் அது தடுக்கிறது. ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் வலை, துணிப்பை, காலணி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, 55°செ. அல்லது அதற்கு மேற்பட்ட வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கவையுங்கள். வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை வித்துகள் அந்தச் சூட்டில் சாகும்.

நிறைமாதக் கர்ப்பிணிகளும் குட்டியைச் சுமப்பவையும் இருக்கும் பருவத்தில் தங்குமிடத்துக்குள் போகாதீர்கள். வலையில் அப்படி ஒன்று விழுந்தால் உடனே விடுங்கள். மற்றவற்றையும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடப் பாருங்கள்.

படி 3: சிறகுத் துணுக்கு எடுத்தல்

தேவையானவை: ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 3 மி.மீ. வட்டத் துளைவெட்டி (5 கிராமுக்குக் குறைந்த வௌவாலுக்கு 2 மி.மீ.), தட்டையான சுத்தமான பிளாஸ்டிக் பலகை, நெற்றி விளக்கு, நுனிக் குறடு, பெயரிட்ட குழாய்கள்.

ஒருவர் உடலைப் பிடிக்க, மற்றவர் சிறகை விரித்துப் பலகைமேல் வைக்க வேண்டும். முதலில் சிறகுக்குப் பின்னால் விளக்கைக் காட்டுங்கள். ரத்தக்குழாய்கள் இலை நரம்புபோலச் சிவந்து தெரியும். உடலை ஒட்டி, ஐந்தாம் விரலுக்கும் காலுக்கும் இடையிலுள்ள பகுதியில், அந்தக் கோடுகள் இல்லாத வெற்றிடமாகத் தேர்ந்தெடுங்கள். விளிம்பை ஒட்டி வெட்டினால் துளை கிழிசலாகிவிடும். வெட்டியைச் செங்குத்தாக வைத்து அழுத்தி, ஒரே ஒரு அரைச்சுற்று திருப்புங்கள். மெல்லிய, சுருங்கிய வட்டம் வெட்டியின் வாயில் ஒட்டிக்கொண்டு வரும். பல சமயம் பலகையிலேயே கிடக்கும், கறுப்புப் பலகையில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைப் பலகை வாங்குங்கள்.

ஒரு சிறகுக்கு ஒன்று, ஒரு விலங்குக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். துளை சில வாரங்களில் மூடிக்கொள்ளும். வால் பகுதிச் சவ்வு சிறகைவிட வேகமாக ஆறும் என்று பெரும்பழுப்பு வௌவாலில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் சில சிற்றினங்கள் பூச்சியை வால்சவ்வால் வாரிப் பிடிக்கும். அவற்றில் சிறகே மேல்.

துணுக்கைப் பாதுகாக்க மூன்று வழிகள். சிலிக்கா ஜெல்: மலிவானது, கசியாது, பயணத்துக்கு எளிது, நிறம் மாறியதும் மணிகளை மாற்றுங்கள். 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனால்: திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவு ஊற்ற வேண்டும். உப்பு செறிந்த டிஎம்எஸ்ஓ கரைசல், அதாவது 20 விழுக்காடு டிஎம்எஸ்ஓ, 0.25 மோலார் ஈடிடிஏ, கரையாமல் அடியில் தங்கும்வரை உப்பு: குளிர்சாதனம் இல்லாத இடங்களில் மாதக்கணக்கில் தாங்கும். மருந்துக்கடைகளில் கிடைக்கும் நிறமூட்டிய எரிசாராயத்தைத் தொடாதீர்கள், அதில் கலந்திருக்கும் பொருட்கள் டிஎன்ஏவைக் கெடுக்கும்.

குழாயின் மூடியில் மட்டும் எண் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. மூடி மாறும், எத்தனால் மையை அழிக்கும். பக்கவாட்டில் ஒரு முறை எழுதி, பென்சிலால் எழுதிய சிறு துண்டுக் காகிதத்தை உள்ளேயும் போடுங்கள். முன்கை நீளம், எடை, பால், வயதுநிலை, முடிந்தால் விடுவிக்கும்போது பதிவுசெய்த ஒலி ஆகியவையும் அதே எண்ணில் சேர வேண்டும்.

படி 4: எச்சத்திலிருந்து

பிடிக்கவே கூடாத அளவு அருகிவிட்ட வௌவாலுக்கு எச்சமே வழி. தங்குமிடத்தின் அடியில் இரவு சுத்தமான தாளை விரித்து, காலையில் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனிக் குழாயில் சிலிக்கா ஜெலோடு போடுங்கள். ஈரம்தான் எதிரி. இரண்டு நாள் நனைந்து கிடந்த எச்சத்தில் டிஎன்ஏ 200 எழுத்துகளுக்கு மேல் முழுதாகக் கிடைப்பது அரிது. சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ மரபணுவில் 202 எழுத்து மட்டும் எடுக்கும் சிறு பட்டைக்குறி முறை எச்சத்துக்கென்றே உருவானது, பெரும்பாலான வௌவால்களை அதுவே பிரித்துக் காட்டிவிடும். பூச்சிக்குப் பொருந்தும் பொது ப்ரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) போட்டால் வௌவாலுக்குப் பதில் அது தின்ற அந்துப்பூச்சியின் பெயர்தான் கிடைக்கும். உணவை அறிய அது நல்லது, வௌவாலை அறிய உதவாது.

எச்சத்திலிருந்து தனி விலங்கை அடையாளம் காண்பதாக இருந்தால், இரண்டு மரபணுப் படிகளில் ஒன்று மட்டும் பெருகி மற்றது விடுபடும் அபாயம் எப்போதும் உண்டு. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று நான்கு முறை தனித்தனியாகப் பெருக்குங்கள். இரண்டு வடிவம் உள்ளது என்று சொல்ல இரண்டு முறையாவது அது தெரிய வேண்டும். ஒரே வடிவம்தான் என்று சொல்ல மூன்று முறை.

படி 5: டிஎன்ஏ பிரித்தல்

3 மி.மீ. துணுக்குக்கு 180 மைக்ரோலிட்டர் கரைப்புக் கரைசல், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வீரியமுள்ள புரோட்டினேஸ் கே 20 மைக்ரோலிட்டர், 56°செ.இல் இரவு முழுதும். சவ்வு ரப்பர்போல இழுவையானது, மூன்று மணி நேரத்தில் கரையாது. காலையில் குழாயைச் சாய்த்துப் பார்த்தால் துண்டு இன்னும் தெரிகிறதா? மேலும் 10 மைக்ரோலிட்டர் நொதி சேர்த்து இரண்டு மணி நேரம் விடுங்கள். எத்தனாலில் இருந்த துணுக்கை முதலில் தாளில் ஒற்றி முழுதாக உலர்த்த வேண்டும். மீந்த எத்தனால் நொதியை முடக்கும்.

கடைசியில் 50 மைக்ரோலிட்டரில் எடுத்து, அதே கரைசலை மறுபடி வடிகட்டியில் ஊற்றி இரண்டாம் முறை எடுங்கள். ஒளி உறிஞ்சலை நானோமீட்டர் அலைநீளங்களில் ஒப்பிடும் 260/280 விகிதம் 1.8ஐ ஒட்டியும், 260/230 விகிதம் 2.0 முதல் 2.2க்குள்ளும் இருந்தால் தூய்மை சரி. அளவை ஒளி உறிஞ்சலால் மட்டும் அளக்காதீர்கள். அது ஆர்என்ஏவையும் சேர்த்து எண்ணி அதிகமாகக் காட்டும். ஒளிர்சாய முறையே நம்பத்தக்கது. ஒவ்வொரு தொகுப்பிலும் திசு இல்லாத ஒரு வெற்றுக் குழாயைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள்.

படி 6: பெருக்கலும் வரிசையும்

தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் பி மரபணு 1,140 எழுத்து நீளம், வௌவால் உறவுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. 25 மைக்ரோலிட்டர் பிசிஆருக்கு (டிஎன்ஏவைப் பெருக்கும் வினைக்கு) நாங்கள் தொடங்கும் அளவு, மைக்ரோலிட்டரில்: பத்து மடங்குத் தாங்கல் கரைசல் 2.5, 25 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு 2, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலாராக உள்ள டிஎன்டிபி கலவை 0.5, 10 மைக்ரோமோலார் ப்ரைமர்கள் தலா 1, டாக் நொதி 1 அலகு, 10 மி.கி./மி.லி. பிஎஸ்ஏ 0.5, டிஎன்ஏ 2, மீதி நீர். 94°செ.இல் 3 நிமிடம், பிறகு 94°செ. 30 நொடி, 50°செ. 45 நொடி, 72°செ. 75 நொடி என 35 சுற்று, கடைசியில் 72°செ.இல் 7 நிமிடம். எதுவும் வராவிட்டால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், முதலில் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். சிறகின் நிறமி மெலனினும் எச்சத்தின் அமிலங்களும் நொதியைத் தடுப்பவை. நீர்த்தால் அவையும் நீர்க்கும்.

வரிசை வந்ததும் எழுத்துகளைப் பார்க்கும் முன் அலைவரைபடத்தைப் பாருங்கள். முதல் 30 முதல் 50 எழுத்து எப்போதும் குழம்பியிருக்கும், வெட்டிவிடலாம். அதற்குப் பின், நல்ல வரிசையில் ஒவ்வொரு சிகரமும் தனித்தனியாக, இடைவெளி சீராக நிற்கும். ஓரிடம்வரை இப்படி அழகாக வந்து, அதற்கப்புறம் எல்லா இடத்திலும் சிகரத்துக்கு அடியில் இன்னொரு சிகரம் ஒளிந்திருந்தால், நீளம் மாறிய இரண்டு படிகள் கலந்திருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் டி-வளையத்தில் இது சகஜம், ஏனெனில் பல வௌவால்களில் அங்கே திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் உண்டு, அவற்றின் எண்ணிக்கை ஒரே விலங்குக்குள்ளும் மாறும். இரட்டைச் சிகரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் கதை வேறு. வேறு விலங்கின் டிஎன்ஏ கலந்திருக்கலாம், அல்லது மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய பிரதி ஒன்று செல்லின் உட்கருவுக்குள் குடியேறி, அதுவும் சேர்ந்து பெருகியிருக்கலாம்.

இந்தப் பிரதியைப் பிடிக்க, வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க மறந்தால், டிஜிஏ எல்லாம் நிறுத்தக் குறியாகத் தெரிந்து நல்ல வரிசையையும் குப்பையில் போட்டுவிடுவீர்கள். அந்தக் குறியீட்டில் டிஜிஏ என்பது டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம். டிஏஏ, டிஏஜி ஆகியவற்றோடு ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் நிறுத்தக் குறிகள். சரியான குறியீட்டிலும் இடையில் நிறுத்தம் வந்தால் அது உட்கருப் பிரதி. நிறுத்தம் இல்லை என்பதால் பிரதி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புதிதாகக் குடியேறிய பிரதிக்குச் சிதையக் காலம் போயிருக்காது. நீண்ட துண்டாகப் பெருக்கி மறுபடி வரிசைப்படுத்துவதே சோதனை.

படி 7: உறவு மரம்

மைட்டோகாண்ட்ரியாவோடு நிறுத்தாமல் உட்கருவிலிருந்து, தனித்தனிக் குரோமோசோம்களில் உள்ள பல மரபணுக்களைச் சேருங்கள். காரணம் எளிது. ஐரோப்பாவின் மயோட்டிஸ் மயோட்டிஸ், மயோட்டிஸ் பிளைத்தி இரண்டும் உடலளவிலும் உட்கரு மரபணுவிலும் பிரித்தறியக் கூடியவை. ஆனால் ஐரோப்பியப் பிளைத்திகளில் மயோட்டிஸ் மயோட்டிஸின் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. எப்போதோ நடந்த கலப்பின் தடம் அது. தாய்வழி மரபணுவை மட்டும் வாசித்தவருக்கு இரண்டும் ஒன்றே.

புறக்குழுவாக, அதாவது மரத்தின் வேரைக் காட்டும் வெளி விலங்காக, எதை வைப்பது? வௌவால்கள் லாராசியாதீரியா என்னும் பெருங்குழுவைச் சேர்ந்தவை. குதிரை, நாய், மாடு, அழுங்கு (செதிலுள்ள எறும்புத்தின்னி) எல்லாம் அதில்தான். 2020இல், எல்லா வௌவால்களின் மரபணுத்தொகுதியையும் வாசிக்க முனையும் பேட்1கே திட்டத்தினர் ஆறு வௌவால்களின் உயர்தர மரபணுத்தொகுதிகளை வெளியிட்டபோது, இந்த நான்கையும் அடக்கிய கிளைக்கு வௌவால் உடன்பிறப்பு என்ற முடிவுக்கு ஆதரவு கிடைத்தது. எனவே இவற்றில் மூன்று நான்கையாவது வையுங்கள். ஒரே ஒரு தொலைதூர விலங்கை வைத்தால் நீண்ட கிளைகள் ஒன்றையொன்று பொய்யாக இழுக்கும்.

மாஃப்ட் மென்பொருள் கொண்டு வரிசைகளைப் பொருத்தி, மரம் வரையும் ஐக்யூ-ட்ரீயில் மாதிரித் தேர்வோடு 1,000 அதிவேக பூட்ஸ்ட்ராப் (தரவை மறுபடி மறுபடி எடுத்துக் கிளையின் உறுதியைச் சோதிக்கும் முறை) ஓட்டுங்கள். இந்த முறையில் 95க்குக் குறைந்த ஆதரவை உறுதி என்று எடுக்கக் கூடாது. பழைய பூட்ஸ்ட்ராப்பின் 70 என்ற வழக்கத்தை இதற்குப் பொருத்துவது பரவலான பிழை. காலக்கணக்குக்கு, சுமார் 5.25 கோடி ஆண்டுக்கு முந்தைய ஓனிகோனிக்டெரிஸ் போன்ற புதைபடிவத்தைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் வையுங்கள். புதைபடிவம் அக்கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டது என்று சொல்கிறது, எப்போது பிரிந்தது என்று சொல்வதில்லை.

படி 8: புலன்களின் மரபணுக்கள்

பிரஸ்டின் என்ற புரதம் உட்செவியின் வெளி மயிர்ச்செல்களை நீட்டிச் சுருக்கி, உச்ச அதிர்வெண் ஒலிகளைக் கேட்க உதவுகிறது. 2008இல் பிரஸ்டின் வரிசையை மட்டும் வைத்து மரம் வரைந்தபோது, குதிரைலாட வௌவால்கள் தம் உண்மையான உறவான பழந்தின்னிகளை விட்டு, மறு அணியின் எதிரொலி வௌவால்களோடு போய் நின்றன. 2010இல் இன்னும் வியப்பு: எதிரொலி எழுப்பும் டால்பினும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஒரே தேவை ஒரே அமினோ அமில மாற்றங்களைத் தனித்தனியே கொண்டுவந்திருக்கிறது. குவிபரிணாமத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதே ஆசையோடு 2013இல் முழு மரபணுத்தொகுதிகளை அலசிய ஓர் ஆய்வு, ஏறத்தாழ 200 இடங்களில் இத்தகைய குவிதல் இருப்பதாகச் சொன்னது. 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதைச் சோதித்தன. எதிரொலியோடு தொடர்பே இல்லாத பாலூட்டிகளை ஒப்பிட்டாலும் அதே அளவு ஒத்த மாற்றங்கள் தற்செயலாகக் கிடைத்தன. பிரஸ்டின் சான்று நின்றது, தொகுதி முழுவதும் குவிதல் என்ற கூற்று நிற்கவில்லை. எனவே டால்பினையும் குதிரைலாட வௌவாலையும் ஒப்பிட்டால், அதே கிளைத்தூரமுள்ள வேறு இணைகளையும், உதாரணமாக மாடும் பழந்தின்னியும், அதே முறையில் ஒப்பிட்டு எண்ணுங்கள். கட்டுப்பாட்டு இணை இல்லாத குவிபரிணாமப் பட்டியலை நாங்கள் சான்றாகக் கொள்வதில்லை.

நேர்த்தேர்வை, அதாவது பயனுள்ள மாற்றத்தை இயற்கைத் தேர்வு நிலைநிறுத்தியதை, தேடும் வரிசை இது. சிற்றினங்களுக்கிடையே நேருக்கு நேரான ஒற்றை மரபணுக்களை எடுங்கள். மூவெழுத்துக் குறியன்கள் உடையாதபடி பொருத்துங்கள். மரபணு மரத்தை விட்டு சிற்றின மரத்தைக் கொடுங்கள், சோதிக்கும் கிளையைக் குறியுங்கள். கோட்எம்எல் மென்பொருளில் கிளை-இட மாதிரியையும், ஒமேகாவை (புரதத்தை மாற்றும் மாற்றங்களின் வேகத்துக்கும் மாற்றாதவற்றின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை) 1இல் நிறுத்திய வெற்று மாதிரியையும் ஓட்டி, மடக்கை நிகழ்தகவு வேறுபாட்டை இரண்டால் பெருக்குங்கள். அது 3.84ஐத் தாண்டினால் 5 விழுக்காட்டு அளவில் பொருளுள்ளது. ஒமேகாவை 0.5, 1, 2 எனப் பல தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட்டி, ஒரே விடை வருகிறதா பாருங்கள். பல மரபணுக்களைச் சோதித்தால் பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்துக்குத் திருத்தம் செய்ய வேண்டும். கடைசியில், தேர்வு நடந்ததாகச் சொல்லும் இடங்களைப் பொருத்தத்தில் கண்ணால் போய்ப் பாருங்கள். அவை ஒரே சிற்றினத்தில், இடைவெளிக் குறிக்குப் பக்கத்தில் கொத்தாக இருந்தால் அது பெரும்பாலும் பொருத்தப் பிழை.

மரபணு இழப்பு இதைவிடத் தெளிவாக நிறுவக்கூடியது. குறுகிய அலைநீள ஒளியை உணரும் கண் புரதமான எஸ்டபிள்யூஎஸ்1 ஆப்சினின் மரபணு குதிரைலாட வௌவால்களிலும், குகையில் தங்கும் சில பழந்தின்னிகளிலும் உடைந்துபோயிருக்கிறது. ரத்தம் குடிக்கும் மூன்று சிற்றினங்களிலும் இனிப்பை உணரும் மரபணு சிதைந்திருக்கிறது. ஆனால் உடைந்தது என்று எழுதும் முன் சில கேள்விகள். இரண்டு விலங்குகளிலாவது அதே உடைவு உண்டா? நெருங்கிய சிற்றினத்தில் அதே இடத்தில் உண்டா? மூலத் துண்டுகளில் தெரிகிறதா, அல்லது கட்டுமானத்தில் மட்டுமா? மரபணுவே காணவில்லை என்றால், இருபக்க அண்டை மரபணுக்கள் தொடர்ச்சியாக இருந்து நடுவில் மட்டும் இல்லையா, அல்லது அங்கே கட்டுமான இடைவெளியா? நீண்ட துண்டு வரிசைப்படுத்தலில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் பொய்யான விடுபடல்கள் அதிகம். தேர்வழுத்தம் தளர்ந்ததா என்பதை ரிலாக்ஸ் சோதனையால் தனியே பாருங்கள், தளர்ந்திருந்தால் தேர்வின் வலிமையைக் காட்டும் கே மதிப்பு 1க்குக் கீழே வர வேண்டும்.

மரபணு முழுதாக இருந்தால் புலனும் இருக்கிறது என்று எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. அமெரிக்க வெப்பமண்டல வௌவால்களில் 2018இல் நடந்த ஆய்வில், அதே ஆப்சினின் மரபணு நன்றாக இருந்தும், சிலவற்றில் படியெடுப்பும் (ஆர்என்ஏ உருவாவதும்) நடந்தும், கண்ணில் புரதம் மட்டும் இல்லாத சிற்றினங்கள் கிடைத்தன. சாதாரண ரத்தம் குடிக்கும் வௌவாலில் இன்னொரு வகை. சூட்டை உணரும் டிஆர்பிவி1 புரதத்தை முகத்து நரம்புமுடிச்சில் மட்டும் குறுகிய வடிவில் வெட்டி ஒட்டுகிறது. முழு வடிவம் 40°செ.க்கு மேல் விழிக்கும், குறுகிய வடிவம் 30°செ. சுமாரிலேயே விழித்துவிடும். இரையின் தோலுக்கடியில் ரத்தம் ஓடும் இடத்தை மூக்கால் அறிவது இப்படித்தான். முழுநீள வரிசைகளை மட்டும் ஒப்பிட்டவர் இதைப் பார்த்திருக்கவே முடியாது.

மோப்ப ஏற்பி மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றைப்போல் ஒன்றாக இருப்பவை. குறுந்துண்டுக் கட்டுமானத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் குறைவாகத் தெரியும். பஸ்கோ முழுமை (எதிர்பார்க்கும் பொது மரபணுக்களில் எத்தனை கிடைத்தன என்ற அளவு) ஒத்த அளவில் இருக்கும், நீண்ட துண்டுகளால் கட்டிய தொகுதிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

படி 9: பாதுகாப்புக்கான ஆய்வு

எதைப் பாதுகாக்கிறோம் என்பதே முதல் கேள்வி. ஐரோப்பாவின் மிகச் சாதாரணமான பிபிஸ்ட்ரெல் வௌவாலில் சிலவற்றின் குரல் 45 கிலோஹெர்ட்ஸிலும் சிலவற்றின் குரல் 55 கிலோஹெர்ட்ஸிலும் இருந்தது. 1997இல் சைட்டோகுரோம் பி வரிசைகளை ஒப்பிட்டபோது 11 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு. ஒன்று என்று எண்ணியது இரண்டு சிற்றினங்கள். எண்ணிக்கை, வாழிடம் பற்றி அதுவரை சேர்த்த கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மரபணுவும் குரலும் ஒரே பக்கம் காட்டியதால்தான் இந்த முடிவு வலுவானது.

அடுத்தது, கூட்டங்கள் கலக்கின்றனவா என்பது. பல வௌவால்களில் பெண் பிறந்த இடத்துக்கே திரும்பும், ஆண் அலையும், இணைசேர்தல் வேறிடத்தில் நடக்கும். ஆகவே மைட்டோகாண்ட்ரியா கூட்டங்களைத் தனித்தீவுகளாகக் காட்டும், உட்கரு எல்லாம் ஒன்றே என்று காட்டும். முதலாவதை மட்டும் நம்பினால் இல்லாத பிரிவினைக்குத் திட்டம் போடுவோம். இரண்டாவதை மட்டும் நம்பினால், ஒரு பிரசவக் குகை அழிந்தால் பக்கத்துப் பெண்கள் வந்து நிரப்பிவிடும் என்று தவறாக எண்ணுவோம். அவை வருவதில்லை.

இதற்கு 10 முதல் 15 மைக்ரோசாட்டிலைட் (குறுந்துண்டு திரும்பத் திரும்ப வரும்) இடங்கள் அல்லது சில ஆயிரம் ஒற்றை எழுத்து வேறுபாடுகள் போதும். ஒவ்வொரு இடத்திலும் வாசிப்பு ஆழம் (அதே இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) 10க்குக் குறையாமல், விடுபட்ட தரவு 20 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். ஹார்டி–வைன்பெர்க் வடிகட்டலை (தற்செயல் இணைசேர்தலில் எதிர்பார்க்கும் விகிதத்திலிருந்து விலகும் இடங்களை நீக்குவதை) ஒவ்வொரு கூட்டத்திலும் தனித்தனியே செய்யுங்கள். எல்லாவற்றையும் கொட்டிச் செய்தால், கூட்டங்களைப் பிரித்துக் காட்டும் இடங்களையே தூக்கியெறிந்துவிடுவீர்கள். பிரசவக் கூட்டத்தில் தாய், மகள், பேத்தி எல்லாம் சேர்ந்து கிடப்பார்கள். உறவினரை வைத்தும் நீக்கியும் இருமுறை கணக்கிட்டு இரண்டையும் தெரிவியுங்கள். கூட்டங்களைப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளில், எத்தனை கூட்டம் என்று தேர்ந்தெடுக்கும் டெல்டா கே முறை ஒருபோதும் ஒன்று என்று விடை சொல்லாது, அதன் கணக்கே அப்படி. ஒரே கூட்டமாக இருக்கும் சாத்தியத்தை நிகழ்தகவைக் கொண்டு தனியே பாருங்கள்.

மரபணுப் பல்வகைமை நன்றாக இருக்கிறது, ஆகவே கவலையில்லை என்ற வாக்கியத்தை அறிக்கையில் எழுதவே எழுதாதீர்கள். ஒரு தலைமுறைக்குப் பல்வகைமையின் இழப்பு 1/(2×பயனுறு எண்ணிக்கை), அதாவது அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபணுவைக் கடத்தும் விலங்குகளின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை 50 ஆனால் தலைமுறைக்கு 1 விழுக்காடு. தலைமுறை 5 ஆண்டு என்று வைத்தால், 50 ஆண்டுக்குப் பிறகும் 90 விழுக்காடு மீதமிருக்கும். வௌவால் உடலளவுக்கு மிஞ்சி நீண்ட நாள் வாழ்வது. காட்டில் வளையமிட்ட ஒரு பிராண்ட் மயோட்டிஸ் 41 ஆண்டுக்குப் பின் மறுபடி பிடிபட்டிருக்கிறது. கூட்டம் சரிந்த செய்தி மரபணுவில் தெரிய வரும்போது குகை காலியாகியிருக்கலாம். கிறிஸ்துமஸ் தீவின் பிபிஸ்ட்ரெல் கடைசியாகப் பதிவானது 2009 ஆகஸ்டில். தலை எண்ணிக்கையும் ஒலிப்பதிவும் மரபணுவோடு கூடவே ஓட வேண்டும்.

வெண்மூக்கு நோய் 2006இல் நியூயார்க் மாநிலக் குகையொன்றில் முதலில் பதிவானது. ஈரப் பஞ்சுக்குச்சியால் மூக்கையும் முன்கையையும் தடவி, அளவறி பிசிஆர் ஓட்டினால், வெள்ளைப் பூச்சு கண்ணுக்குத் தெரியும் முன்பே பூஞ்சை பிடிபடும். நோய்க்குப் பிழைத்தவற்றில் எதிர்ப்பு மரபணு உண்டா என்று தேடுபவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: பெருங்கூட்டம் திடீரெனச் சுருங்கினால் தற்செயலாகவே மரபணு விகிதங்கள் தாறுமாறாக மாறும். நோய்க்கு முந்தைய மாதிரிகள், அதே சரிவைப் போலச் செய்து பார்த்த கணிப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட குகைகளில் ஒரே திசையில் மாற்றம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் தேர்வு என்று சொல்லலாம்.

வயதறியவும் அதே சிறகுத் துணுக்கு உதவும். 2021இல் 26 சிற்றினங்களின், வயது தெரிந்த 712 வௌவால்களிலிருந்து டிஎன்ஏவின் மெத்தில் குறிகளை (அதன்மேல் ஒட்டும், வயதோடு மாறும் வேதிக்குறிகளை) கொண்டு வயதுக் கணிப்பு உருவாக்கப்பட்டது. கூட்டத்தில் கிழடுகள் மட்டும் மிஞ்சி இளையவை சேராமல் இருக்கின்றனவா என்பதை இதன்மூலம் பார்க்கலாம்.

படி 10: சேமிப்பு

வரிசைகளைப் பொதுத் தரவகத்தில் இடும்போது மாதிரி எண், பால், தேதி, பயன்படுத்திய குறியீட்டு அட்டவணை எல்லாம் கூடச் செல்ல வேண்டும். தங்குமிடத்தின் துல்லிய ஆயத்தொலைவை மட்டும் வெளியிடாதீர்கள், 10 கி.மீ. கட்டத்துக்குச் சுருக்கிக் கொடுங்கள். துல்லியமானது அனுமதி தந்த அலுவலகத்திடம் இருக்கட்டும். மீந்த டிஎன்ஏவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை −80°செ. பெட்டியிலும் மற்றதை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். இரண்டாவது சிறகுத் துணுக்கைத் தொடாமல் அப்படியே மூடிவைத்து, அதன் எண்ணையும் இடத்தையும் களக்குறிப்பேட்டின் அதே வரியில் எழுதிவிடுங்கள்.